கூட்டிப் போட்ட ஒரு மணி நேரம்

துவார்னனே ஊரில் மரிவோனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் போன மாதம் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தொன்பது வருடம் மத்தி மீனை டப்பாவில் அடுக்கியவள். கத்தரிக்கோலால் வாலுக்கு ஒரு வெட்டு, தலை வலப்பக்கம், அடுத்ததற்குத் தலை இடப்பக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைகள் அடங்கவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போதுகூட விரல்கள் எதையோ அடுக்கிக்கொண்டிருக்கும். வாய் கையைவிட மோசம். மரிவோன் திட்டுவாளோ என்று பயந்துதான் மீன் நேராகப் படுக்கிறது என்று கூட வேலை செய்த பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துபோனாள். அது கோடைப் பயணம். நாடே ஜூலையில் வண்டியில் மெத்தையைப் போட்டுக்கொண்டு தெற்கே கிளம்பும். மத்தி வருவதும் அதே ஜூலையில்தான். வெளியூர்க்காரர்கள் வந்து அவள் ஊர்க் கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளோ இன்னொரு கடற்கரையைக் கண்ணால் கண்டதில்லை. கணவன் ரோனான் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். கோடை முழுக்க அவனுக்கு விடுமுறை. அந்த விடுமுறையையெல்லாம் அவன் தொழிற்சாலை வாசலில் கழித்தான். ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை மத்தி வந்த நாளில் எட்டுக்கும் முடியாது, ஒன்பதுக்கும் முடியாது. அவன் காரில் காத்திருப்பான். வாசல் காவலாளி, "இன்னும் கெளம்பலையா?" என்று தினமும் கேட்பார். "ஒருத்தி உள்ள இருக்கா. விட்டுட்டு எப்படிப் போறது?" என்று தினமும் ஒரே பதிலைச் சொல்வான்.

கல்யாணமான வருடம் அந்தக் காருக்குள்தான் ஒப்பந்தம் ஆயிற்று. மரிவோன் ஓய்வு பெற்றதும் உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய ஒரு வீட்டு வேன் வாங்க வேண்டும். அவர்கள் ஊர் இருக்கும் பிரித்தானிக் கரையின் மேற்கு முனையிலிருந்து கடலை வலக்கையில் வைத்துக்கொண்டே இறங்கி, ஸ்பெயினின் மேற்கு முனை வரை போக வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அந்தப் பேச்சு பழசாகவே இல்லை.

அவள் ஓய்வு பெற்ற இலையுதிர் காலத்திலேயே ரோனான் மறக்க ஆரம்பித்தான். முதலில் சாவி, பிறகு தெருப் பெயர்கள். இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டிய பாதையில் ஒருநாள் நடுச்சாலையில் நின்று இடதா வலதா என்று கேட்டான். மருத்துவர் நல்ல பெண், சுற்றி வளைக்கவில்லை. "முதல்ல பேர் போகும், அப்புறம் முகம் போகும். பயணம் போறதா இருந்தா தள்ளிப்போடாதீங்க. வர்ற கோடையிலேயே போயிடுங்க" என்றாள். மரிவோன் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலேயே ஒரு முடிவுக்கு வந்தாள். ரோனான் அவள் முகத்தை மறப்பதற்குள் அந்தக் கடற்கரை முழுவதையும் அவனோடு பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும்.

நவம்பரில் வேன் கிடைத்தது. போன்-லாபே ஊரில் கூல்வென் என்ற இளைஞன் விற்றான். அவனுடைய மாமா ஈவோனின் வண்டியாம். மாமா முதியோர் இல்லத்தில் இறந்துபோய் எட்டு மாதமாகியிருந்தது. பதினெட்டு வயது வண்டி, வெள்ளை நிறம், நீலத் திரைச்சீலை, இரண்டு அடுப்பு. வெளியில் துரு இல்லை. மரிவோன் கீழே படுத்துப் பார்த்தாள், மேலே ஏறிப் பார்த்தாள், ஒவ்வொரு தட்டாகத் திறந்து மூடினாள்.

"கடிகாரம் ஒரு மணி முன்னாடி ஓடுதே" என்றாள்.

"அது அப்படித்தான் மேடம். எத்தனை தடவை திருப்பி வெச்சாலும் மறுநாள் ஒரு மணி முன்னாடி போய் நிக்கும். பழைய வண்டி, மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றான் கூல்வென்.

அதற்குள் ரோனான் பக்கக் கதவு வழியாக ஏறி உள்ளே நின்றிருந்தான். கதவுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் கொக்கி. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூடை எங்க?" என்று கேட்டான்.

கூல்வெனின் முகம் வெளுத்துப்போனதை மரிவோன் பார்த்தாள். "கூடை... இல்ல சார். அது கெடைக்கல" என்றான். கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு வண்டி கைக்கு வந்த சந்தோஷம். கேட்காமல் விட்டாள்.

ஜனவரியில் சமையலறை மேசையில் பெரிய வரைபடம் விரிந்தது. மரிவோனுக்குக் கணினித் திரையில் திட்டம் போடுவது பிடிக்காது. ஓர் இரவுக்கு ஒரு வெள்ளை பீன்ஸ் விதை என்று கணக்கு. லாரோஷெலில் ஒரு விதை, ஆர்க்காஷோனில் இரண்டு, பியாரிட்ஸுக்கு ஒன்று, ஸ்பெயினின் வடகரை நெடுக ஒவ்வொன்றாக. மொத்தம் முப்பத்தொரு விதை. அவள் கை வைத்ததால் அவை வரிசை பிசகாமல் கிடந்தன.

இரண்டாம் நாள் காலை மேசையைத் துடைக்கும்போது எண்ணினாள். முப்பத்திரண்டு. கூடுதல் விதை போர்-மெலார் என்ற சின்ன விரிகுடாவில் இருந்தது. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். அவ்வளவு பக்கத்தில் யார் இரவு தங்குவார்கள்? எடுத்து ஜாடியில் போட்டாள். மறுநாளும் அதே இடத்தில் ஒரு விதை. அதற்கு மறுநாளும்.

"ஏன்யா, நீதான வெக்கிற?"

ரோனான் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே தலையாட்டினான். ஒளிக்கவெல்லாம் இல்லை. "அங்க நிக்காம போக முடியாதுல்ல" என்றான். "வண்டிய பைன் மரத்துக்குக் கீழ நிறுத்தணும். எதிர்ல ரெண்டு பாறை. பாறைக்கு அந்தாண்டதான் மட்டி நெறைய. ஆனா அது பள்ளம். தண்ணி முன்னாடி வராது, பின்னாடி வந்து சுத்திக்கும்."

"நீ எப்ப அங்க போன?"

அவன் நன்றாக யோசித்தான். நெற்றி சுருங்கியது. "நான் போகல" என்றான். "போனது யாருன்னு தெரியல மரிவோன். ஆனா வண்டி நின்ன இடம் தெரியுது."

அவன் மரிவோன் என்று அழைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தத் தொலைக்காட்சியில் எதைப் பார்த்தானோ என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் தன்னுடைய நினைவில் ஒன்றைத் தொலைக்கும்போதெல்லாம் யாருடையதோ ஒன்று அவன் கைக்கு வந்துகொண்டிருந்தது. மகள் பிறந்த மருத்துவமனை எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் லாரோஷெலில் ஒரு ரொட்டிக்கடை நாய்க்கு மூன்று கால் என்று தெரிந்தது. ஆர்க்காஷோனில் மழையில் மாட்டிக்கொண்டு வண்டிக்குள்ளேயே முட்டை வறுத்துத் தின்றது தெரிந்தது. "யாரோட?" என்று கேட்டால், "அவளோட" என்பான். "எவளோட?" என்றால் சங்கடமாகச் சிரிப்பான். மரிவோனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

வேன் வீட்டுப் பக்கத்துச் சந்தில் நின்றது. வாரம் ஒருமுறை போய்ச் சுத்தம் செய்வாள். இரண்டு விஷயங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. பூட்டிக் கிடந்த வண்டியைத் திறந்ததும் புதுக் காப்பி வாசனை அடிக்கும். அடுப்பில் இன்னும் எரிவாயு இணைப்புகூடக் கொடுக்கவில்லை. பிறகு, கதவுப் படியில் ஈர மணல். போன வாரம் கூட்டி எடுத்திருப்பாள், இந்த வாரம் ஒரு பிடி கிடக்கும். கடிகாரத்தை அவள் சரிசெய்துகொண்டே இருந்தாள், அதுவும் ஒரு மணி முன்னே ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிக்குத் தன்னைப் போலவே பிடிவாதம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

மார்ச் முதல் வாரம் புது மெத்தைக்கு அளவெடுக்கப் போனாள். படுக்கைப் பலகையில் நான்கு திருகாணி. துரு ஏறி இறுகியிருந்தன. ஒன்றைக் கழற்றவே அரை மணி நேரம் ஆயிற்று. பலகைக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், ஈவோனும் ஒதெத்தும், என்று எழுதியிருந்தது.

ஒரு நாளைக்கு நான்கு வரி. ஊர், வண்டி நின்ற இடம், கடலின் ஏற்ற வற்ற நேரம், சாப்பிட்டது. லாரோஷெல், ரொட்டிக்கடை நாய்க்கு மூன்று கால், ஒதெத் அதற்கு வெண்ணெய் கொடுத்தாள். ஆர்க்காஷோன், மழை, உள்ளேயே முட்டை வறுத்தோம். மரிவோன் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் திருகாணிகளை வருஷக்கணக்காக யாரும் தொட்டதில்லை. அவள் கட்டைவிரல் ரத்தமே அதற்குச் சாட்சி. கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்குப் போனாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் தேதி.

"போர்-மெலார். பைன் மரத்தடி. பெருவற்றம் 1.40. ஒதெத் கூடையோடு போயிருக்கிறாள். வந்ததும் காப்பி."

அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள்.

நோட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். ரோனான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவனாகத்தான் தலையைத் தூக்காமல் பேசினான்.

"அந்தத் தாள்ல ஏற்கெனவே கூட்டித்தான் போட்டிருந்தாங்க."

"எந்தத் தாள்ல?"

"பெட்டிக்கடைல சும்மா குடுத்தானே, வற்ற நேரம் போட்ட தாள். நான் பாக்கல. பழக்கதோஷத்துல நானும் ஒரு மணி கூட்டிட்டேன். அவகிட்ட அவசரமில்ல, நெறைய நேரம் இருக்குன்னு சொன்னேன்."

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரிவோனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வாங்கும் கடல் பஞ்சாங்கம் குளிர்காலக் கடிகாரப்படி அச்சிட்டது. கோடையில் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், பஞ்சாங்கம் தள்ளாது. அதனால் கோடையில் கடல் வற்றும் நேரம் பார்த்து மட்டி பொறுக்கப் போகிறவர்கள் பஞ்சாங்க நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து கூட்டிக் கூட்டி, கூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கூட்டுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கடைகளில் கொடுக்கும் தாளில் அந்த ஒரு மணி முன்னமே சேர்ந்திருக்கும். வெளியூர்க்காரன் அதை அப்படியே படித்துவிட்டுப் பிழைத்துக்கொள்வான். ஏமாறுவதென்றால் உள்ளூர்க்காரன்தான் ஏமாறுவான்.

ரோனான் பழைய பஞ்சாங்கம் எதையும் எறிந்ததில்லை. மரிவோன் பரணில் ஏறி அந்த வருடத்து நூலைத் தேடி எடுத்தாள். செப்டம்பர், அந்தத் தேதி, போர்-மெலார். வற்றம் 11.40. கோடைக்கு ஒரு மணி கூட்டினால் 12.40. நோட்டில் இருந்தது 1.40. கடல் திரும்பி ஒரு மணி நேரம் ஆன பிறகும், இனிமேல்தான் வற்றப் போகிறது என்று நம்பி ஒருத்தி அங்கே குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மரிவோன் பரணின் தூசியில் உட்கார்ந்து அழுதாள். பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு அழுகை வரும் என்று அவளே நினைக்கவில்லை.

கூல்வெனுக்குப் போன் செய்தாள். அவன் முதலில் மழுப்பினான், பிறகு சொல்லிவிட்டான்.

"அத்தை அங்கதான் போனாங்க மேடம். உடம்பும் கெடைக்கல, கூடையும் கெடைக்கல. மாமா வண்டிய எடுக்கவே மாட்டேன்னு மூணு நாள் அங்கேயே இருந்தார். போலீஸ்தான் எறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க. காப்பி மட்டும் போட்டுப் போட்டு வெச்சிருந்தாராம்."

"என்ன தப்பு நடந்துச்சுன்னு யார்கிட்டயாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை பேசல. கடைசி வரைக்கும் பேசல. ஏன் மேடம், வண்டில ஏதாவது தொந்தரவா?"

"இல்ல தம்பி. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அவள் செய்த முதல் காரியம் பாதையை மாற்றியது. போர்-மெலார் பக்கமே போகாமல் உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாகச் வரைபடத்தில் விதைகள் சுற்றிக்கொண்டு போயின. ஈஸ்டருக்கு ரென்னிலிருந்து மகள் அசெனோர் வந்தாள். மருந்துக்கடைக்காரி, மாத்திரை தவிர எதையும் நம்பாதவள். அன்று மூவருமாக வேனில் ஏறி ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. மரிவோன் சாவியைத் திருகினாள். பக்கத்து இருக்கையிலிருந்த ரோனான் கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒருத்தி வெளியில இருக்கா" என்றான். "விட்டுட்டு எப்படிப் போறது?"

கெஞ்சினார்கள், அதட்டினார்கள். பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அசெனோர் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போதும்மா. வித்துடு. இவர வெச்சுகிட்டு நீ ஸ்பெயின் போறியா? சந்து முனை தாண்ட முடியல."

"முப்பத்தெட்டு வருஷம்டி. அவன் எனக்காக எத்தன கோடை வாசல்ல நின்னிருக்கான் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அப்பாவுக்குத் தெரியலையே. அதுதான பிரச்சனை."

"இன்னைக்குக் காலைல என் பேரச் சொன்னான்."

"நாளைக்கு?"

மரிவோன் மேசையைப் பார்த்தாள். போர்-மெலாரில் விதை உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக ரோனானை அவர்கள் கண்ணைவிட்டு அகல விடவில்லை, அவன் சமையலறைப் பக்கம் தனியாக வரவே இல்லை. அவள் அந்த விதையை எடுக்கப் போய், எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "வெளியில இருக்கிறவள கூட்டிட்டு வந்துட்டா கெளம்புவான்ல?"

"அம்மா, உனக்கும் கழண்டுடுச்சா?"

"இந்த மாசக் கடைசில பெருவற்றம், கடல் நல்லா உள்வாங்கும். நீ லீவு போடு."

அசெனோர் லீவு போட்டாள். அம்மாவின் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ரோனானிடம் போர்-மெலார் போகிறோம் என்று சொன்னதும் அவன் தானாகவே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். பிரேக்கைத் தொடவில்லை. வழியில் அசெனோர் ஓட்ட, மரிவோன் பஞ்சாங்கத்தை மடியில் வைத்து, கைபேசியையும் பார்த்து, மூன்று முறை சரிபார்த்தாள். பஞ்சாங்கத்தில் 11.50. ஒரு மணி கூட்டினால் 12.50. கடைத்தெருவில் வாங்கிய தாளிலும் 12.50. ஒரு மணி, ஒரே ஒரு தடவைதான். டாஷ்போர்டு கடிகாரம் மட்டும் தன் வழக்கப்படி ஒரு மணி முன்னே ஓடியது.

பைன் மரம் இருந்தது. இரண்டு பாறை இருந்தது. ரோனான் வழி சொல்லித்தான் வண்டியை நிறுத்தினார்கள், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தைக்கூடக் கைகாட்டினான். பகல் வெளிச்சம், இதமான வெயில். ஆனாலும் அந்தக் கரையில் ஒரு பறவை கத்தவில்லை. வார நாள் என்றாலும் பெருவற்றத்துக்கு நாலு பேராவது வருவார்கள். அங்கே ஒருவரும் இல்லை.

"பன்னெண்டே முக்காலுக்கு ஹாரன் அடி. நான் எங்க நின்னாலும் திரும்பிடுவேன்" என்று மகளிடம் சொன்னாள் மரிவோன். ரப்பர் பூட்ஸ், சின்ன இரும்பு வாரி, இரண்டு கைப்பிடி வைத்த புதுக் கூடை. அசெனோர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்து மணல்மேட்டில் நின்றாள். ரோனான் அடுப்பைப் பற்றவைத்து, கெட்டிலில் தண்ணீர் ஊற்றினான். ஆறு மாதமாக வீட்டில் அவனை யாரும் அடுப்பருகே விட்டதில்லை. இங்கே அவன் கை எதையும் தேடித் தடுமாறவில்லை.

கடல் வெகுதூரம் போயிருந்தது. பாறைகளைத் தாண்டியதும் தரை லேசாகச் சரிந்தது. அவன் சொன்ன பள்ளம் அதுதான். மணல் கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. மரிவோன் குனிந்து வாரியால் இரண்டு இழுப்பு இழுத்தாள், மட்டி கொத்தாக வந்தது, கூடை பாதி நிறையும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முன்னால் பத்தடி தூரத்தில் தோண்டிய குழிகள் தெரிந்தன. ஒரு வரிசையாக, ஒழுங்காக, ஒவ்வொன்றிலும் அப்போதுதான் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அவள் பூட்ஸ் தடம் தவிர வேறு தடம் இல்லை. ஓடிவிடத்தான் தோன்றியது. முப்பத்தொன்பது வருடம் வரிசையில் நின்று வேலை செய்தவள் ஆனதால், பக்கத்தில் ஒருத்தி குனிந்து வேலை செய்கிறாள் என்பது அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒருத்தியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியும்.

"போதும் ஒதெத்" என்றாள். "மணி ஆயிடுச்சு. அவர் தப்பாச் சொல்லிட்டார். வேணும்னு சொல்லல. காப்பி போட்டு வெச்சிருக்கார், வா."

ஹாரன் அடித்தது. கூடையைத் தூக்கினாள். பாதிக்கு மேல் மட்டி, நன்றாகக் கனத்திருக்க வேண்டும். கனக்கவில்லை. அவள் ஒரு கைப்பிடியைத்தான் பிடித்திருந்தாள். மறுபக்கக் கைப்பிடியும் உயர்ந்தே இருந்தது. பக்கவாட்டில் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு, பைன் மரத்தை மட்டும் பார்த்து நடந்தாள். பாறையருகே வரும்போது பின்னால் பள்ளத்தில் தண்ணீர் நுழையும் சத்தம் கேட்டது. சொன்னபடியே அது பின்னாலிருந்துதான் வந்தது.

மணல்மேட்டில் ஏறியதும் கூடை திடீரென்று கனத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அசெனோர் பைனாகுலரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, கூட வந்தது யாரு? கூடையப் பிடிச்சுகிட்டு வந்தாங்களே, எங்க அவங்க?"

"அப்புறம் பேசலாம்" என்றாள் மரிவோன்.

வேனின் கதவு திறந்திருந்தது. ரோனான் படியில் நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. நெற்றிச் சுருக்கம் போய்விட்டிருந்தது. கூடையை வாங்கிப் பித்தளைக் கொக்கியில் மாட்டினான். இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையை நீட்டினான்.

"வந்துட்டியா ஒதெத்" என்றான். "எவ்ளோ நேரம். சூடு ஆறிடுமோன்னு பாத்தேன்."

மரிவோன் கோப்பையை வாங்கினாள். வாய்வரை வந்த தன் பெயரை விழுங்கிக்கொண்டாள். இன்று ஒருநாள் ஒதெத்தாக இருந்துவிட்டுப் போகிறேன், அந்தப் பாவி ஈவோனும் இவ்வளவு வருடம் இந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தான் என்று நினைத்தாள். "வந்துட்டேன்" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தபோது டாஷ்போர்டு கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்று ஐந்து. அவள் கைக்கடிகாரத்திலும் ஒன்று ஐந்துதான்.

"அப்ப கெளம்பலாமா?" என்று கேட்டாள். "ஸ்பெயின் வரைக்கும்? எல்லாரும் வந்தாச்சே."

ரோனான் படியிலிருந்து இறங்கினான். அவளைத் தாண்டி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கடலைப் பார்த்தான். அங்கே மணல் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. நெற்றியில் சுருக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

"மரிவோன் எங்க?" என்றான். "அவ இன்னும் வரலையே."

அசெனோர் வாயைத் திறந்தாள். "அப்பா, இதுதான்..." மரிவோன் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். எலும்பு வலிக்கும் அளவுக்குப் பிடித்தாள்.

"வந்துருவா" என்றாள்.

"வருவா. அவ எப்பவும் லேட்டாத்தான் வருவா, அவளுக்கு வேல அப்படி" என்றான் ரோனான், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ போய் உக்காரு ஒதெத். குளிருது பாரு. அவ வராம நான் வண்டிய எடுக்க மாட்டேன். ஒருநாளும் அவள விட்டுட்டு நான் போனதில்ல."

மரிவோன் உள்ளே போய் இன்னொரு கோப்பையில் காப்பி ஊற்றி, அவன் பக்கத்தில் படியில் வைத்தாள். பிறகு அவனோடு நின்று, தான் போன தடங்களைத் தண்ணீர் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.